ஊருக்கெல்லாம் நாற்காலி போடுகிறவர்கள்

நாற்காலியம்மாவுக்குக் கோபம் வந்தால் கிடங்கின் தகரக் கூரை அதிரும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். கூரை அதிர்வது மைக்செட் பாடும்போது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். காலையில் ஷட்டர் தூக்குவதிலிருந்து சாயங்காலம் இறக்குவதுவரை ஓயாமல் பேசுகிற ஒரு பெண்மணி, திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டால் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவாமல் என்ன செய்வார்கள்? சித்தப்பாவுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். அவரை முன்னிட்டே அது ஒருமுறை வந்திருக்கிறது.

சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. முறைக்கு அப்படிக் கூப்பிட வேண்டிய அண்ணன் பிள்ளைகள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். குடித்துவிட்டு மனைவியின் தம்பியை அரிவாளால் வெட்டி, அந்த ஆளின் ஒரு கை பாதி விளங்காமல் போய், அதற்காகச் சிறையில் பல வருஷம் கழித்தவர். வெளியே வந்தபோது மனைவி இல்லை, வீடு இல்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் நாளைக்கு வா என்றார்கள், நாளைக்குப் போனால் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் அம்மாவின் நாற்காலி வாடகைக் கடைக்கு வந்தார். அம்மாவின் கணவர் இறந்துபோன புதிதில், ஒரு பொம்பளையிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று பழைய ஆட்கள் கழன்றுகொண்டிருந்த நேரம் அது. அம்மா தனியாக மழையில் நனைந்த பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். நான் ஜெயில்லேருந்து வரேன்."

"நான் அடுப்படியிலேருந்து வரேன். இந்த அடுக்கைப் பிரிக்கத் தெரியுமா, தெரியாதா?"

அவர் கீழ் நாற்காலியைக் காலால் மிதித்துக்கொண்டு, மேல் நாற்காலியை ஒரு திருகு திருகினார். சடக்கென்று கழன்று வந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை என்பதை அம்மா பார்த்துவிட்டார். கேட்கவில்லை. பேசுகிற வாய்தான் பெரிது, கேட்கிற வாய் அவருக்கு ரொம்பச் சின்னது.

பெயர் வந்த கதை இது. ஒரு கல்யாண வீட்டில் நாற்காலி இறக்கிக்கொண்டிருக்கும்போது, பெண் வீட்டுக்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "இந்த ஆளையா கல்யாண வீட்டுக்குள்ள விடறீங்க?" என்று கத்தினார். சமையல்காரர்கள் முதல் மாப்பிள்ளைத் தோழன் வரை திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "யாரைச் சொல்றீங்க? அவரு எங்க வீட்டுச் சித்தப்பா" என்றார். கூச்சல் போட்டவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அவர் சித்தப்பா. அவரைவிட வயதில் மூத்த அம்மாவே "சித்தப்பா, நீ போய் வண்டியைப் பாரு" என்று ஒரே மூச்சில் மரியாதையும் கொடுத்துப் பிடுங்கியும் கொள்வார். சித்தப்பாவுக்கு அதைக் கேட்க அலுத்ததே இல்லை.

அம்மா பக்தி மிகுந்தவர். வாரம் தவறாமல் ஊரின் பெரிய பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் சித்தப்பாவையும் சட்டை மாற்றச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். இருவரும் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போனார். அவர் மனைவி போனார். பிறகு ஒரு குடும்பம், இன்னொரு குடும்பம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், சத்தம் போட மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். சித்தப்பாவுக்குத் தரை பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

இதில் வேடிக்கை, அன்று அங்கே போட்டிருந்த நாற்காலியெல்லாம் அம்மாவின் கடையிலிருந்து வந்தவை. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா வாயே திறக்கவில்லை. நான் முதலில் சொன்ன மௌனம் இதுதான். கிடங்கு வந்ததும்தான் திறந்தார்.

"ஊருக்கெல்லாம் நாற்காலி போடறோம். நம்மாளு ஒருத்தரு உக்காந்தா எந்திரிச்சு ஓடறாங்க. அடுத்த வாரத்துலேருந்து பிரார்த்தனை இங்கதான். உக்கார இடம் கிடைக்காதவங்க எல்லாரும் வரட்டும்."

"யாரும்மா வருவா?"

"நீ வருவல்ல? அப்புறம் என்ன!"

முதல் வாரம் அம்மா, சித்தப்பா, கிடங்குப் பூனை. பூனை பாதியில் போய்விட்டது. ஆனால் விஷயம் காற்றுவாக்கில் பரவியது. சிறையிலிருந்து வந்தவர்கள் இரண்டொருவர் எட்டிப் பார்த்தார்கள். சாக்கடைக் குழாய் அடைப்பு எடுக்கிற ஒருவர், குளித்துவிட்டு வந்தும் வாசலிலேயே நின்றார். தெருமுனையில் நின்று பிழைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் துணி விலகியது; கூடவே ஒலிபெருக்கி வைத்தது மாதிரி ஒரு குரலும் வந்தது. அவள்தான் மைக்செட். இப்போது அம்மாவின் கடையில் நாற்காலி உறைகளெல்லாம் அவள் தையல்தான். அவளுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து இளித்தபோது, "உறை வேணுமா, உதை வேணுமா?" என்று கேட்டு அனுப்பியதாகக் கேள்வி.

அம்மா பிரசங்கம் செய்ய மாட்டார். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பிரார்த்தனை, பிறகு எல்லாருமாக உட்கார்ந்து பேச்சு. என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அதோடு இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். யாரும் தனக்குத் தானே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பவர் ஒருவர் எழுந்து போய், அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, துடைத்து, வந்தவருக்குப் போட வேண்டும். "வாழ்க்கை பூரா எந்திரிடான்னே கேட்டவங்க இவங்க. உக்காருங்கன்னு ஒரு மனுஷன் வாயால கேக்கணும்" என்பார். குழாய்க்காரருக்கு முதன்முதலில் நாற்காலி போட்டபோது, அந்த மனிதர் அதில் பாதிதான் உட்கார்ந்தார், மீதிப் பாதி அழுக்காகிவிடும் என்று பயந்ததுபோல. அடுத்த வருஷம் அதே குழாய்க்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மைக்செட்டின் பாட்டில் சுருதி சரியில்லை என்று குறை சொன்னார். சித்தப்பா இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்.

விரல் கதையை அம்மா ஒருபோதும் கேட்காததால்தான் ஒருநாள் சித்தப்பாவே சொன்னார். வண்டியில் திரும்பி வரும்போது, சாலையைப் பார்த்துக்கொண்டே. சிறையில் கைதிகளைக் காவல் காக்கிற வார்டர் ஒருவர் இருந்தார். கையைக் கதவு இடுக்கில் வை என்பார். வைக்க வேண்டும். கதவைச் சாத்துவார். "பிடிச்சு வெக்க மாட்டாரும்மா. நாமளா வெக்கணும். அதான் அவரு பழக்கம்." அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். வேறு யாருக்கும் இதைச் சித்தப்பா சொன்னதில்லை.

கூட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த வார்டர் வந்தார்.

சித்தப்பா முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸ் சத்தம்தான் கேட்டது. கிடங்குப் படியில் செருப்புச் சத்தமே கேட்டுப் பழகியவர். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவரைக் கேட்காமலே உடம்பு எழுந்து விறைத்து நின்றது. வேறு சிலரும் எழுந்து நின்றார்கள். வாசலில் ஒரு கிழவர். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று பூட்ஸ், பின்னால் கட்டிய கைகள். ஆனால் சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். பெற்ற பிள்ளைகளே அவரோடு பேசுவதில்லை, குடியிருக்கும் தெருவில் பழைய கைதிகளின் உறவுக்காரர்கள் வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"இங்க யாரு வேணாலும் வரலாம்னு சொன்னாங்க" என்றார் கிழவர்.

ஒருவரும் அசையவில்லை. நாற்காலி போட ஒரு கை நீளவில்லை. "வார்டர்" என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். சித்தப்பா நின்ற நிலையைப் பார்த்ததும் வந்திருப்பது யாரென்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் அதைச் சொன்னார்.

"சித்தப்பா, ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடு."

சித்தப்பா போனார். அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். துடைத்தார். கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க" என்றுகூடச் சொன்னார். கிழவர் உட்கார்ந்தார். மைக்செட்டின் கண்ணில் நீர் முட்டியது. அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் கிடங்கைத் திறந்து வைத்திருந்தோம் என்கிற மாதிரி. சித்தப்பா அப்படியே வாசலுக்குப் போனார், படியிறங்கினார், தெருவில் நடந்தார். திரும்பி வரவில்லை.

மறுநாள் வேலைக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பந்தல் வேலை ஒன்று தலைகீழாகிப்போனது. ஆள் அனுப்பினால் உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. டயர் கடை மாடியில் தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாராயக் கடை வரை போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார், ஒரு தடவை இல்லை, பல தடவை. அடுத்த தடவை உள்ளேயே போய்விடுவோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. போகட்டும், இனி யார் கேட்பது என்றும் தோன்றியது.

ஒரு மத்தியானம் மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் உடம்புக்கு அந்தப் படி அநியாயம். நடுவில் நின்று டயர் கடைக்காரரைத் திட்டி, பிறகு ஏறி, வாசலில் வந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்யா, ஊருக்கெல்லாம் நாற்காலி போடறே, உன் ரூம்ல ஒண்ணு கிடையாதா?"

"யாரு வரப்போறா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். திரும்ப எழுவது பெரிய காரியமாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது வழக்கமான குரல் இல்லை.

"நீ நாற்காலி போட்டதும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் ஆளு, நான் தூக்கிவிட்ட ஆளு, பாருங்கடான்னு இருந்துச்சு. நீ வேலைக்கு வராதப்பகூட, சரி, ஏதோ மனசு சரியில்ல, வந்துடுவேன்னுதான் நெனச்சேன். நேத்து மைக்செட் என்னைக் கேட்டா. 'அம்மா, நீங்க சொன்னதும் சித்தப்பா போனாரே, ஜெயில்ல அந்த ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இப்படித்தானே போயிருப்பாரு?'ன்னு. அவளுக்கு உன் கை கதை தெரியாது. சும்மா கேட்டா. எனக்குத் தெரியுமே."

சித்தப்பா தலை குனிந்திருந்தார்.

"கதவுல நீயா கைய வெச்சேன்னு சொன்னே. அன்னிக்கும் நீயா நாற்காலியை எடுத்துட்டு வந்தே. அந்த ஆளு சொன்னதுக்கு வெச்சே, நான் சொன்னதுக்குப் போட்டே. எனக்கும் அவருக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"அம்மா, அப்படியெல்லாம்—"

"இரு, பேசி முடிச்சுடறேன், இல்லேன்னா அழுதுடுவேன். மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உன் பொருளு. நான் வாடகைக்கு விட்டுப் பொழைக்கறவ. இத்தனை வருஷத்துல அடுத்தவங்க பொருளைத் தொட்டதில்ல. உன்னுதைக் கேக்காம தூக்கி அவருக்குக் குடுத்துட்டேன், கடவுள் பேரைச் சொல்லி. தப்பு என்னுது. என்னை மன்னிச்சுடுன்னு கேக்கவும் வெக்கமா இருக்கு. ஆனா கேக்கறேன்."

சித்தப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர். அடித்தவர்கள் உண்டு, விரட்டியவர்கள் உண்டு, இரக்கப்பட்டவர்கள்கூட உண்டு. தப்பு என்னுடையது என்று அவரிடம் வந்து தரையில் உட்கார்ந்து சொன்னவர் இவர்தான் முதல் ஆள். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். மறுபடி விரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதார். கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளுகிட்டச் சொல்லிட்டேன்" என்றார் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்க சித்தப்பா வரச்சொல்ற வரைக்கும் வராதீங்கன்னு. நீ எப்பவுமே சொல்லலேன்னா எப்பவுமே வேணாம்."

"யாரு வேணாலும் வரலாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. கடவுள் என்ன நெனப்பாரு?"

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீ மொதல்ல எனக்கு எந்திரிக்கக் கை குடு."

சித்தப்பா வேலைக்குத் திரும்பினார். அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷி, இதில் மட்டும் கப்சிப். கூட்டத்தில் யாராவது வார்டரைப் பற்றி ஆரம்பித்தால், "பாட்டைப் பாடு" என்பார். எப்போதடா மன்னிப்பாய் என்று ஒரு பார்வைகூட இல்லை. சித்தப்பா கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துப் பார்த்தார்; நிஜமாகவே இல்லை. நல்ல மனிதர்கள் செய்கிற நல்லதுக்குப் பின்னால் ஒரு கை எப்போதும் நீண்டுகொண்டே இருக்கும் என்று அவர் நினைத்து வைத்திருந்தார். இந்த அம்மாவின் கை நீளவில்லை. அந்தக் காத்திருக்காத தன்மையில்தான் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

கிழவர் அம்மாவின் சொல்லை மீறவில்லை, உள்ளே வரவில்லை. ஆனால் கூட்டம் நடக்கும் காலைகளில் எதிர்ப்பக்கம் லாரி ஷெட்டுக்கு அருகே வந்து நிற்பார். மைக்செட்டின் பாட்டு அங்கே வரைக்கும் கேட்கும். அதற்கு அப்பாலும் கேட்கும். பாட்டு முடிந்ததும் போய்விடுவார். சித்தப்பாதான் முதலில் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்துவிட்டார். ஒரு வாரம் கோபம் வந்தது. இன்னொரு வாரம் ஒன்றுமே தோன்றவில்லை. பூட்ஸ் பழசாகிவிட்டதைக் கவனித்தார். பிறகு ஏன் அதைக் கவனித்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள், கூட்டத்துக்கு இடம் ஒதுக்கிவைக்க வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்தார் சித்தப்பா. விசேஷ வீட்டுக்குப் போயிருந்த பெரிய தேக்கு மேஜையை வண்டிக்காரர் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் கணவர் காலத்து மேஜை. தண்ணீர் பட்டால் மேல்பலகை விரிந்துவிடும். வானம் இருண்டு வந்தது. முதல் துளிகள் மேஜைமேல் விழுந்தன. சித்தப்பா ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒருவரால் ஆகிற காரியமில்லை. தெருவில் வேறு ஒருவரும் இல்லை. எதிரே லாரி ஷெட்டில் கிழவர் நின்றிருந்தார்.

சித்தப்பா தெருவைக் கடந்தார்.

"ஒரு மேஜையை உள்ள கொண்டுபோகணும்" என்றார். "மன்னிப்பு அது இதுன்னு பேசக் கூடாது. நான் மன்னிக்கல. பேசினா அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்."

கிழவர் தலையாட்டினார். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார்.

ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கிழவர் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. "கல்லு இருக்கு, இடது பக்கம் வாங்க" என்று சித்தப்பா சொல்லச் சொல்ல அவர் கால் வைத்தார். கிடங்கு தெருவைவிட உயரம். வண்டியிலிருந்து நேராகச் சாமான் இறக்குவதற்காகக் கட்டியது. படி வந்ததும் கிழவர் மேலே, சித்தப்பா கீழே. படியேறும்போது கனமெல்லாம் கீழே இருப்பவர்மேல்தான் இறங்கும். மேஜை சரிந்து சித்தப்பாவின் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. மடங்காத விரல்களால் பிடிப்பு நழுவியது. மேலே இருப்பவர் கையை எடுத்துவிட்டால் தேக்கு மொத்தமும் தன்மேல்தான் வரும் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

தெருமுனை திரும்பிய நாற்காலியம்மா இதைப் பார்த்தார். கையில் குடை இருந்தது, விரிக்க மறந்துபோனார். கூப்பிட வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, மழையில் அப்படியே நின்றுவிட்டார்.

சித்தப்பா தலையைத் தூக்கிக் கிழவரின் கண்ணைப் பார்த்தார். சிறையில் அந்தக் கண்ணை அவர் நேராகப் பார்த்ததே கிடையாது.

"விட்டுடாதீங்க" என்றார்.

"விட மாட்டேன்."

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி பின்னால் ஏறினார், பிறகு இன்னொன்று. கழுத்து நரம்பு புடைத்தது. விடவில்லை.